செப்புப் பானையில் தெரிந்தவள்

லேஅவுட்காரன் தன் மனைவியைக் கம்ப்யூட்டரில் அழித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்பு. வேண்டுமென்று செய்யவில்லை. சண்டை என்று கிளப்பிவிட்டவர்கள் வாயைக் கழுவிக்கொள்ளட்டும். எங்கள் தெருவிலேயே அவ்வளவு ஒட்டுதலான ஜோடி கிடையாது. ஒரே குறை, இரண்டு பேரும் ஒரே ஊரில் இருப்பது அபூர்வம். அவள் ஒரு பயணப் பத்திரிகைக்காக ஊர் ஊராகப் போய்ச் சந்தை, சமையல், சுவர் ஓவியம், கதவின் பூவேலை என்று கண்ணில் பட்டதையெல்லாம் படம் பிடித்து அனுப்புவாள். இவன் வீட்டின் முன்னறையில், துணி காயும் கொடிக்குக் கீழே பெரிய திரையை வைத்துக்கொண்டு, அந்தப் படங்களைப் பக்கங்களில் பொருத்துவான். தெருவில் அவளுக்குப் படக்காரி என்று பெயர், இவனுக்கு லேஅவுட்காரன்.

படக்காரி எடுத்த படத்தில் சாப்பாடு ஆறாது. இதில் ரகசியம் ஒன்றுமில்லை, நாங்கள் எல்லோரும் பார்த்ததுதான். பத்திரிகை வரும் நாளில் தபால்காரர் பையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு வருவார், சூடு அப்படி. மருந்துக்கடைக்காரர் பொரித்த மீன் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு அதன் மணத்திலேயே வெறும் ரொட்டியைச் சாப்பிட்டு முடிப்பார். பக்கத்தை விரலால் தொட்டு நக்கினால் உப்பு, புளிப்பு, காரம் எல்லாம் கச்சிதமாக நாக்கில் ஏறும். வயிறு மட்டும் நிறையாது. பத்திரிகையின் ஆசிரியையம்மாவுக்கு வந்த ஒரே புகார், ரொட்டி அடுப்புப் படம் தன் மேசை விரிப்பைக் கருக்கிவிட்டது என்று ஒரு வாசகி போட்ட சத்தம்தான். அவருக்கு ஒரு புது விரிப்பும் ஒரு வருடச் சந்தாவும் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள்.

இவ்வளவு ஊரையும் முன்னறையிலேயே ருசித்த லேஅவுட்காரன் எந்த ஊருக்கும் போனதில்லை. வண்டி அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸை விடுங்கள், லிஃப்டில் ஏறினாலே குமட்டும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அவள் கூப்பிடுவாள், அவன் அடுத்த தடவை பார்க்கலாம் என்பான், அவள் சிரித்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டுவாள். அந்தச் சிரிப்பு வருடா வருடம் கொஞ்சம் சின்னதாகிக்கொண்டு வந்ததை அவளுடைய தங்கை கவனித்தாள். மேல்மாடியில் தையல் கடை வைத்திருப்பவள் அவள். அக்கா விஷயத்தில் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

அந்த வாரம் படக்காரி ஒரு மலைச் சந்தையில் இருந்தாள். அங்கே எலும்பு சூப் விற்கும் ஒரு கடைக்காரம்மா, இடுப்புயரச் செப்புப் பானையைச் சந்தை நாள்தோறும் கண்ணாடியாகத் துலக்கி அடுப்பில் ஏற்றுவாளாம். படம் வந்து சேர்ந்ததும் முன்னறையே வெங்காயமும் மிளகுமாக மணத்தது. பானையின் வயிற்றில் கேமராவும் கையுமாக அவள் நிற்பது சின்னதாகத் தெரிந்தது. லேஅவுட் வேலையில் இது தினப்படி சங்கதி. கரண்டியில், டம்ளரில், முட்கரண்டியின் முதுகில், எங்கே படம் எடுத்தவர் தெரிந்தாலும் துடைத்துவிட வேண்டும், அது ஒரு பிழை. கை பழகிய வேலையில் புத்தி கலந்துகொள்வதில்லை. அவன் பக்கத்திலிருந்த செம்பு நிறத்தை எடுத்து அவள்மேல் நாலு இழுப்பு இழுத்தான். பானை பளிச்சென்று ஆனது. திருத்தியதை அதே பெயரில் சேமித்தான், பழைய படத்தின்மேலேயே. அது அவனுடைய கெட்ட பழக்கம். பிறகு சாப்பிடப் போனான்.

அவன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். போன மழைக்காலத்தில் ஒரு துறைமுகத்து மீன் தட்டிலிருந்து ஒரு ஈயைத் துடைத்தெடுத்தான். அந்தத் துறைமுகத்தில் அதற்கப்புறம் ஈயே இல்லை என்று மீன்கடைக்காரர் போன் போட்டு நன்றி சொன்னார். தற்செயல் என்று புருஷனும் பெண்டாட்டியும் சிரித்துவிட்டார்கள். ஈ விஷயத்தில் சிரிக்கலாம்தான்.

சாயங்காலம் படக்காரி போன் செய்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தன் மடிமேல் ஒரு தடித்த ஆசாமி வந்து உட்கார்ந்தார் என்றாள். எழுந்து கத்தினால் அவர் காற்றைத் திட்டுவதுபோலத் திட்டினார், கடைக்காரம்மா தன்னைத் தாண்டிப் பின்னால் நிற்பவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள், குனிந்து பார்த்தால் தனக்கே தன் கால் தெரியவில்லை. அவன் திரையைப் பார்த்தான். பானையைப் பார்த்தான். விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னான். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வந்தது. "ஏங்க, அப்போ நான் எந்த அடுப்பங்கரைக்குள்ள வேணும்னாலும் போகலாமே!" என்றாள்.

போனாள். அந்த மலை வட்டாரத்தில் யாரையும் உள்ளே விடாத சமையல்கட்டுகளுக்குள் எல்லாம் நடந்தே போனாள். மாவு பிசையும் கைகளைப் பிசைபவர் மூக்குக்கடியில் நின்று எடுத்தாள். பூட்டிய பட்டறையில் ஜாடிகளுக்கு நீலச் சாயம் தீட்டுகிறவர்களை, அவர்கள் தூரிகையை நாக்கில் நனைத்துக் கூராக்குவது வரைக்கும் எடுத்தாள். மாமியாரும் மருமகளும் உப்பு போதுமா என்று ஒரே கரண்டியில் ருசி பார்ப்பதை எடுத்தாள். கேமராவுக்கு முகம் திருத்திக்கொள்ளாத மனிதர்கள் எவ்வளவு அழகு! ஆசிரியையம்மா ஆனந்தத்தில் அலுவலகத்துக்கே விருந்து வைத்தார். அந்த இதழ் வந்த அன்று எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. ஆளாளுக்கு வாசலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக நக்கிக்கொண்டிருந்தோம், மானம் மரியாதை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று.

லேஅவுட்காரனுக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை. போனில் அவள் குரல் மெலிந்துகொண்டே வந்தது. முதலில் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல இருந்தது, பிறகு மூடிய ஜன்னலுக்கு வெளியிலிருந்து பேசுவதுபோல. ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. கைகாட்டினால் எந்த வண்டியும் நிற்கவில்லை, நின்ற பஸ்ஸில் ஏறினால் காலி இடம் என்று அவள்மேலேயே மூட்டையை வைத்தார்கள். மூச்சுத் திணறி இறங்கிவிட்டாள். இனிமேல் குரலும் போய்விட்டால் அவள் இருக்கிறாளா என்பதையே யாரும் தெரிந்துகொள்ள முடியாது.

அழித்ததைத் திரும்ப வரைந்துவிடலாம் என்று அவன் நினைத்தான். பழைய படம் இல்லை, அவளும் இடமில்லை என்று கேமராவைக் காலி செய்திருந்தாள். ஆகவே கல்யாண ஆல்பத்திலிருந்து அவளை வெட்டி, சுருக்கி, செம்பு நிறம் பூசிப் பானையில் ஒட்டினான். அன்று மத்தியானம் மலைச் சந்தையில் சூப் பானைக்குப் பக்கத்தில் மாலையும் கழுத்துமாக ஒரு கல்யாணப் பெண் வந்து நின்றாள். கண் சிமிட்டவில்லை, யார் கேட்டாலும் பதில் இல்லை, ஒரே சிரிப்பு. முதுகுப் பக்கம் வெள்ளைத் தாளாக இருந்தது. கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. "அது நான் இல்லைங்க. அது உங்க வெட்டு ஒட்டு. முதல்ல அதை எடுங்க, பயமா இருக்கு" என்று படக்காரி போனில் முனகினாள். எடுத்துவிட்டான். பிறகு திரை முன்னால் உட்கார்ந்து அழுதான்.

தங்கைதான் மாடியிலிருந்து இறங்கி வந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மாமா, ஒட்டினது போதும். நேர்ல போங்க. அக்கா உங்களை எத்தனை தடவை கூப்பிட்டிருக்கா?" என்றாள். ஒரு கத்தை பிளாஸ்டிக் பைகளை அவள் அவன் கையில் திணித்தாள்.

அந்தப் பயணத்தைப் பற்றி நாசூக்காகச் சொல்ல வழியில்லை. அவன் எல்லா பஸ்ஸிலும் வாந்தி எடுத்தான், இறங்கி நின்றபோதும் எடுத்தான், ஒரு படகில் ஏறுவதற்கு முன்பே எடுத்தான். ஆனால் நடுநடுவே தலையை நிமிர்த்தினபோது அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. படங்களில் அவன் வெட்டியெறிந்த ஓரங்களெல்லாம் அங்கே இருந்தன. அவன் பக்கமாக்கிய நீலக் கதவுக்கு இடதுபுறம் ஒரு கிழட்டு நாய் படுத்திருந்தது. ரொட்டிக்கடைக்கு மேலே ஒரு மாடி இருந்தது, அங்கே ஒருத்தி தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். எதற்கும் ஓரமே இல்லை, எல்லாம் போய்க்கொண்டே இருந்தது. கண்டக்டரிடமும் பக்கத்துச் சீட்டுக்காரரிடமும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான். அவர்கள் ஜன்னலோரம் இடம் கொடுத்து, பையைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

சந்தை நாள் காலையில் அவன் சூப் கடைக்குப் போய்ச் சேர்ந்தான். கடைக்காரம்மா விஷயத்தைக் கேட்டாள், ஆச்சரியப்படவில்லை. தன் பெஞ்சில் ஓர் இடம் ஆளில்லாமலே சூடாக இருப்பதை அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாளாம். சந்தை நாள்தோறும் அங்கே ஒரு கிண்ணம் வைப்பாள், கொஞ்ச நேரத்தில் அது காலியாகிவிடும். மூன்று பேருமாகப் பானையைத் துலக்கினார்கள். இரண்டு பேர் தெரிந்தார்கள், மூன்றாவது துணி தானாக ஓடிக்கொண்டிருந்தது. துலக்கி முடிந்ததும் மேசைமேல் ஒரு கேமரா தெரிந்தது. அவளோடு சேர்ந்து அழிந்திருந்தது, இப்போதுதான் அவள் கையைவிட்டு இறக்கி வைத்திருக்கிறாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் கேமராவைக் கையில் எடுத்தான். பானையில் அவன் மட்டும் தெரிந்தான், பரக்கப் பரக்க விழித்துக்கொண்டு, தலை கலைந்து. அவன் பக்கவாட்டில் நகர்ந்தான். இத்தனை வருடம் தலைப்புக்கும் வரிகளுக்கும் இடம் விட்டே பழகியவன். இப்போது தனக்கு வலதுபுறம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டான். யாருக்கான இடம் என்று அவனுக்குத் தெரியும். தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. காதருகே, இருக்கிறதா இல்லையா என்னும் ஒரு குரல், மூச்சைப் பிடித்துக்கொள்ளும்படி சொன்னது. அவன் அழுத்தினான். படம் சாய்ந்திருந்தது, ஒரு மூலையில் அவன் கட்டைவிரல் விழுந்திருந்தது, அவன் விட்ட இடத்தில் அவள் நின்றிருந்தாள்.

திரும்பிப் பார்த்தான். முழுசாக நின்றாள். அப்படியே கட்டிக்கொண்டான். "வந்துட்டீங்களே" என்று மட்டும் சொன்னாள், திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைக்காரம்மா இரண்டு கிண்ணம் ஊற்றினாள். அவசரத்தில் குடித்து லேஅவுட்காரன் நாக்கைச் சுட்டுக்கொண்டான். படத்தில் ஒரு நாளும் சுட்டதில்லை, அதோடு வயிறும் நிறைந்தது. இன்னொரு கிண்ணம் கேட்டான்.

ஆசிரியையம்மா அந்தப் படத்தில் கட்டைவிரலையாவது எடுக்கச் சொன்னார். அவன் மாட்டேன் என்றான், அப்படியே அட்டையில் வந்தது. இருவரும் வீடு வந்து சேர்ந்தபோதுதான், எல்லோருக்கும் முன்பு தங்கை கண்டுபிடித்தாள்: அக்கா பானையில் தெரிந்தபடியே வந்திருக்கிறாள். வகிடு மறுபக்கம், கன்னத்து மச்சம் மறுபக்கம், எழுதுவதும் பிசைவதும் இடது கையில். டாக்டர் மார்பில் குழாயை வைத்துத் தேடித் தேடிப் பார்த்து, இதயம் வலதுபுறம் துடிக்கிறது, மற்றபடி குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார். தங்கை கலங்கினாள். லேஅவுட்காரன் கலங்கவில்லை. வீட்டுக்கு வந்தவுடன் தன் தலையணையை எடுத்துக் கட்டிலில் அவளுக்கு வலதுபுறம் போட்டுக்கொண்டான்.