விளங்குகிற பாட்டு

வாணி விழா முடிந்து வீட்டுக்கு வந்த நாகேஸ்வரி குசினியில் இருந்த சட்டிகளையெல்லாம், கழுவி வைத்திருந்தவற்றையும் சேர்த்து, மறுபடி தேய்த்தாள். சத்தம் போட்டுக் கோபிக்கிற பெண் அல்ல அவள். அப்படிப்பட்டவளாக இருந்திருந்தால் கடைக்கார மகேந்திரராஜா தப்பியிருப்பார்.

மெல்பேணில் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது. எழுபத்தெட்டாம் ஆண்டு. ஸ்பிரிங்வேலில் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மேசைமேல் சரஸ்வதி படம் வைத்து விழா நடத்தினார்கள். நாகேஸ்வரி யாழ்ப்பாணத்தில் சங்கீத ரீச்சராக இருந்தவள். இங்கே டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் சட்டைக்குக் கொலர் தைக்கிறாள். அவளுடைய ஆறு வயது மகள் தாரணி, அம்மா சொல்லிக்கொடுத்த தோத்திரத்தைச் சுருதி விலகாமல் பாடி முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அத்தோடு விட்டிருக்கலாம்.

விடுவார்களா எங்கள் ஆட்கள்? பிள்ளை தமிழில் பாடினால் சந்தோஷம், இங்கிலீசில் பாடினால் பெருமை. முன்வரிசையில் இருந்து, "பிள்ளை ஒரு இங்கிலீஸ் பாட்டும் பாடட்டுமே" என்று ஒரு குரல் கேட்டது. தாரணி யோசிக்கவே இல்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை, சொல் பிசகாமல், கையைத் தட்டித் தட்டிப் பாடத் தொடங்கினாள்.

அது பள்ளிக்கூடப் பாட்டு என்றுதான் பாதிப் பேர் நினைத்தார்கள். வயதானவர்கள் தலையைக்கூட ஆட்டினார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த டொக்டரின் மனைவி வேதவல்லிதான் முதலில் கணவனின் தோளைத் தொட்டாள். "ஏங்க, குழந்தை என்னங்க பாடுது?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பின்வரிசையில் பல்கலைக்கழகப் பொடியன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு பெண் ஒருவனைத் தன் அறைக்குள் கூப்பிடுகிற பாட்டு அது. கூப்பிடுவதோடு நிற்காத பாட்டு.

நாகேஸ்வரி எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்குவதற்குள் மகேந்திரராஜா தொடையில் அடித்து வெடித்துச் சிரித்தார்.

"இது என்ர கடைப் பாட்டெல்லோ! பாத்தீங்களே, எங்கட டிஸ்கோ ராணியை!"

மண்டபம் முழுவதும் சிரித்தது. தாரணியும், ஏதோ நன்றாகச் செய்துவிட்டோம் என்று கொஞ்சம் சிரித்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதோடு சிரிப்பு நின்றது.

மகேந்திரராஜாவுக்கு ஸ்பிரிங்வேலில் ஒரு மில்க் பார் இருந்தது. இந்த நாட்டில் பாலும் பாண் ரொட்டியும் சிகரெட்டும் விற்கிற மூலைக்கடைக்கு அதுதான் பெயர். கடையின் பின்பக்கத்தில் இரண்டு தட்டுகளில் மிளகாய்த்தூள், கருவாடு, பருப்பு. அந்த இரண்டு தட்டுக்காகத் தமிழ்ச் சனம் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு அங்கே போகும். முன்பக்கம் தொழிற்சாலைப் பொடியன்களுக்கு. அவர்களைப் பிடித்து வைக்கத்தான் மகேந்திரராஜா கல்லாவுக்கு மேலே ஒரு ஒலிபெருக்கியைத் தொங்கவிட்டு, ஒரே கசெற்றைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். பெரியவர்கள் பின்னால் நின்று கருவாட்டை முகர்ந்து பார்க்கும்போது, பிள்ளைகள் முன்னால் ஐஸ்கிரீம் பெட்டியடியில், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நிற்பார்கள். தாரணி அந்தப் பாட்டைப் பாடமாக்கியது அங்கேதான். தாய் பருப்பில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள், காதில் எதுவும் விழவில்லை.

பட்டப்பெயர் என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருவன் ஒருநாள் வழுக்கி விழுந்தால் அவனுடைய பேரப்பிள்ளையின் கல்யாணப் பேச்சிலும் அந்த வழுக்கல் வந்து நிற்கும். அடுத்த சனிக்கிழமையே தமிழ் வகுப்பில் பிள்ளைகள் "டிஸ்கோ ராணி" என்று கூப்பிட்டார்கள். கடைக்குப் போனால் மகேந்திரராஜா, "வாங்கோ ராணி, உங்கட பாட்டுத்தான் போகுது" என்று சொல்லிச் சத்தத்தைக் கூட்டினார். தாரணி தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். குளிக்கும்போது பாடுகிற பிள்ளை, காரில் பாடுகிற பிள்ளை, சாப்பாட்டுக்கு முன் பாடாதே என்று ஏச்சு வாங்குகிற பிள்ளை, பாடுவதை அடியோடு விட்டுவிட்டாள். மாலையில் சுருதிப் பெட்டியை எடுத்தால், "No, அம்மா" என்று மட்டும் சொல்வாள்.

நாகேஸ்வரி முதலில் முறையாகத்தான் கேட்டாள். அதையும் சொல்ல வேண்டும்.

"அண்ணை, சனிக்கிழமையளிலை சின்னப்பிள்ளையள் வருகுதுகள். அந்த நேரம் மட்டும் உந்தப் பாட்டை நிப்பாட்டி வையுங்கோவன்."

"இது மெல்பேண் தங்கச்சி, கோயில் வீதியில்லை" என்றார் மகேந்திரராஜா. "இங்கிலீஸ் பாட்டு. சின்னனுகளுக்கு என்ன விளங்கும்? விளங்காததிலை என்ன ஊத்தை இருக்கு?"

"பிள்ளை பாடமாக்கிப் பாடினவள் அண்ணை."

"பாடினவள், விளங்கிப் பாடினவளோ?" பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "உங்களுக்கு விளங்குற பாட்டு வேணுமெண்டா ஒண்டு பாடிக்கொண்டு வாங்கோ. ரீச்சரெல்லோ! போடுறன்."

நாகேஸ்வரி தலையாட்டிவிட்டு மிளகாய்த்தூள் வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் மறுபடி சட்டிகள் தேய்பட்டன. அன்றிரவு சாப்பிடும்போது அவளுக்குத் திடீரென்று பசி நன்றாக எடுத்தது. செய்ய வேண்டியதை அந்த மனிதரே சொல்லித் தந்துவிட்டார்.

பிறகு வந்த சனிக்கிழமைகளில் அவள் தாரணியை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகக் கடைக்குப் போனாள். பருப்பை அளைந்துகொண்டு அந்தப் பாட்டைச் சொல் சொல்லாகக் கேட்டாள். மெட்டு முதல் நாளே பிடிபட்டுவிட்டது, சொல்தான் சில இடங்களில் நழுவியது. தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் இருந்த மோரினிடம் ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டாள். மோரின் நூலை அறுத்துவிட்டுக் கழுத்துவரை சிவந்து, சுற்றும் முற்றும் பார்த்து, காதுக்குள் சொன்னாள். நாகேஸ்வரிக்கும் காது சுட்டது. தாரணி அந்த வரியைக் கைதட்டித் தட்டிப் பாடியது நினைவுக்கு வந்தது. இரக்கம் என்று ஏதாவது மிச்சமிருந்திருந்தால் அது அந்த இடத்தில் போனது.

அந்த நாளில் ஊருக்குக் கடிதம் எழுதிக் கை நோவதைவிடக் கசெற்றில் பேசி அனுப்புவது எங்கள் ஆட்களின் வழக்கம். வீட்டுக்கு வீடு ஒரு ரேப் ரெக்கோடர் இருந்தது. ஒரு பின்னேரம் நாகேஸ்வரி சாப்பாட்டு மேசையில் அதை வைத்து, கதவைச் சாத்தி, சுருதிப் பெட்டியைத் திறந்துவிட்டு, அதே பாட்டை அதே மெட்டில் தமிழில் பாடினாள். சுத்தமான தமிழ். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த குரலில், எழுத்துக்கு எழுத்து தெளிவாக இருந்தது.

கணவன் ஜெயரட்ணம் வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இஞ்சேரும், உமக்கு விசர் கிசர் பிடிச்சிட்டுதே?"

"விசரில்லை. நீங்கள் வெளியிலை நிண்டு பிள்ளை வந்தாச் சொல்லுங்கோ."

"உதைக் கேட்டால் ஆக்கள் உம்மை என்ன சொல்லுவினம்?"

"என்னைத்தானே? சொல்லட்டும்."

அந்த மாதம் மகேந்திரராஜாவின் மாமியார் இராஜேஸ்வரி ஊரிலிருந்து வந்திருந்தார். நெற்றி நிறைய விபூதியோடு கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். மருமகன் இந்த உலகத்தில் பயப்படுகிற ஒரே ஆள் அவர்தான். சிகரெட் பெட்டிகளைக்கூட அவர் கண்ணில் படாத தட்டுக்கு மாற்றியிருந்தார். பாட்டை மட்டும் மாற்றவில்லை. மாமிக்கு இங்கிலீஸ் தெரியாதே! அந்த அம்மாள் மூன்று கிழமையாக அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். "நல்ல மெட்டு" என்று ஒருநாள் நாகேஸ்வரியிடமே சொன்னார்.

சனிக்கிழமை காலை கடை நிறைந்திருந்தது. வேதவல்லியும் டொக்டரும் பின்பக்கம் நின்றார்கள். நாகேஸ்வரிக்குப் பழக்கமான இரஞ்சிதம் கருவாடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் ஐஸ்கிரீம் பெட்டியடியில் நின்றார்கள். நாகேஸ்வரி அவர்களைப் பார்த்தாள். நாளைக்கு வருவோமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் நாளைக்கு இவ்வளவு சனம் இருக்காது, மாமியும் வீட்டில் நின்றுவிடலாம். கைப்பையைத் திறந்து கசெற்றை எடுத்தாள்.

"அண்ணை, நீங்கள் சொன்ன மாதிரி விளங்குற பாட்டுக் கொண்டந்தனான்."

மகேந்திரராஜாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாமியாருக்கு முன்னால் நல்ல பெயர் எடுக்க ஒரு சந்தர்ப்பம் தானாக நடந்து வந்து நிற்கிறது. "மாமி, இவ ஊரிலை சங்கீத ரீச்சர். என்ன குரலெண்டுறியள்! கேளுங்கோ" என்று சொல்லி, ஓடிக்கொண்டிருந்ததை எடுத்துவிட்டு இதைப் போட்டார். சத்தத்தையும் தன் கையாலேயே கூட்டினார்.

முதலில் சுருதி வந்தது. இராஜேஸ்வரி அம்மாள் கண்ணை மூடினார். பிறகு குரல் வந்தது. மெட்டு பழகிய மெட்டு, தலை தானாக ஆடியது. கதவைச் சாத்தச் சொன்னது பாட்டு. விளக்கை அணைக்கச் சொன்னது. மூன்றாவது வரியில் உடுத்தியிருப்பதைப் பற்றிச் சொன்னது. இராஜேஸ்வரி அம்மாளின் தலை நின்றது. டொக்டரின் கையிலிருந்த பருப்புப் பை கீழே விழுந்தது. மகேந்திரராஜாவின் முகத்தில் சிரிப்பு மட்டும் எடுக்க மறந்துபோனது போல அப்படியே இருந்தது.

அவர் பாய்ந்து பொத்தானில் கை வைத்தபோது மாமியார் கண்ணைத் திறந்தார்.

"நிப்பாட்டாதையும் தம்பி. இது நான் வந்த நாள் தொடக்கம் கேக்கிற மெட்டெல்லோ? இதுக்கு அர்த்தம் உதுவோ?"

மகேந்திரராஜா நிறுத்திவிட்டார். ஆனால் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாகிவிட்டது. அவர் நாகேஸ்வரி பக்கம் திரும்பினார்.

"ஒரு பொம்பிளை இப்பிடிப் பாடலாமோ? வெக்கமில்லையே? சின்னப்பிள்ளையள் நிக்குதுகள் கடையிலை!"

இந்த வசனத்துக்காகத்தான் நாகேஸ்வரி அத்தனை சனிக்கிழமை பருப்பு அளைந்தாள்.

"ஓம் அண்ணை" என்றாள். "சின்னப்பிள்ளையள்தான் நிக்குதுகள்."

அவள் வெளியே வந்தாள். பின்னால் இராஜேஸ்வரி அம்மாளின் குரல் ஏறுவது தெருவரை கேட்டது. பஸ் தரிப்பில் வந்து நின்றாள். வீடு போகும்வரை அந்த முகத்தை, எடுக்க மறந்த அந்தச் சிரிப்பை, திரும்பத் திரும்ப நினைத்துச் சுவைத்தாள்.

அந்த இங்கிலீஸ் பாட்டுக் கசெற் பிறகு கடையில் கேட்கவில்லை. ஒலிபெருக்கியையே மாமியார் இறக்க வைத்துவிட்டார் என்று பேச்சு. நாகேஸ்வரி தூள் வாங்கப் போனால் மகேந்திரராஜா நிமிர்ந்து பார்க்காமல் கட்டிக் கொடுத்தார். பட்டப்பெயரும் ஆள் மாறிவிட்டது. தமிழ் வகுப்பு வாசலில் தாய்மார்கள் "டிஸ்கோ ரீச்சர் வாறா" என்று கிசுகிசுத்தார்கள். பொங்கல் விழாவுக்கு யார் யார் பாடுவது என்று பேசியபோது அவளுடைய பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. ஜெயரட்ணம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. தாரணியை இப்போது எல்லோரும் தாரணி என்றே கூப்பிட்டார்கள்.

ஒரு ஞாயிறு காலை குளியலறையிலிருந்து சத்தம் வந்தது. தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு மேலாக, முதலில் மெதுவாக, பிறகு தொண்டை திறந்து, தாரணி தோத்திரத்தைப் பாடினாள். நாகேஸ்வரி கரண்டியை வைத்துவிட்டுக் குசினி வாசலில் சாய்ந்து நின்று அழுதாள். மகேந்திரராஜாவை வென்றதைவிட இது பெரிது.

அப்போதுதான் ரெலிபோன் அடித்தது. இரஞ்சிதம்.

"அக்கா, நேற்று எங்கட வீட்டிலை ஆக்களுக்கு முன்னாலை என்ர சின்னவள் ஒரு பாட்டுப் பாடினவள்." குரலில் கோபம் இல்லை, அழுது முடித்த குரலாக இருந்தது. "உங்கட தமிழ்ப் பாட்டு. அவளின்ர அப்பா கை நீட்டிப் போட்டார். நான் ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். அண்டைக்குக் கடையிலை பிள்ளையள் நிண்டதைக் கண்டனீங்களோ?"

குளியலறையில் தாரணி இரண்டாம் அடிக்கு வந்திருந்தாள். நாகேஸ்வரி ரெலிபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். சின்னனுகளுக்கு என்ன விளங்கும் என்று சொல்லவாவது மகேந்திரராஜாவால் முடிந்தது. அவளால் அதுவும் முடியாது.

"கண்டனான்" என்றாள்.