இங்கே வருத்தப்படவும்

உதவிப் பிரிவை மூடிவிட்டு, வாடிக்கையாளர்களின் போனை எடுக்க ஓர் இயந்திரக் குரலை வைத்துவிடலாம் என்று மேலிடம் ஏறக்குறைய முடிவு கட்டிவிட்டது. பிரிவின் மேற்பார்வையாளருக்கு மட்டும் இருபது நிமிடம் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தே ஆன்லைனில் பேசி, தன் ஆட்கள் ஒன்பது பேரையும் அவள் காப்பாற்றிக்கொள்ளலாமாம். பெரிய மனசுதான்.

அவள் கணவன் இறந்து எட்டு மாதம். அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. சோறு, மழை, திட்டு எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஸ்லைடுகளை அப்பழுக்கில்லாமல் செய்திருந்தாள். ஒரு ஸ்லைடுக்கு ஒரே கருத்து, பெரிய எழுத்து. மூன்றாவதில், 'மனிதக் குரலுக்கு மாற்று இல்லை.'

ஒத்திகை பார்க்க உட்கார்ந்தவள் நாத்தனார்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. ரயில் எந்த பிளாட்பாரத்துல வருதுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"வேற எப்படிச் சொல்றது?"

"கொஞ்சம் சிரிங்க. அந்த ஒன்பது பேரைப் பத்திச் சொல்றப்பவாவது கொஞ்சம் கலங்குங்க."

தானாக வராததை எழுதி வைத்துக்கொள்வது அவள் பழக்கம். ஸ்லைடுக்குக் கீழே, பேசுகிறவருக்கு மட்டும் தெரியும்படி குறிப்பெழுத இடம் உண்டு. அதில் தட்டினாள்: 'இங்கே சிரிக்கவும்.' 'கேமராவைப் பார்க்கவும்.' ஒன்பது பேரின் படம் வரும் ஸ்லைடில், 'இங்கே வருத்தப்படவும். ஐந்து நொடி.'

மறுநாள் காலை, பட்ட காலிலே படும் என்கிற கதையாக, ஸ்லைடை மட்டும் பகிர்வதற்குப் பதில் முழுத் திரையையும் பகிர்ந்துவிட்டாள். குறிப்புகளும் சேர்ந்தே போயின. மேலிடத்து ஆறு பேரும் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்ததால் யார் முகத்திலிருந்தும் அது அவளுக்குத் தெரியவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். வருத்தப்பட வேண்டிய இடத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணினாள்.

முடிந்ததும் இயக்குநர் பேசினார். "ரொம்பத் தெளிவா இருந்துச்சும்மா. குறிப்பெல்லாம்கூட எங்களுக்குத் தெரிஞ்சுது."

அவள் திரையைப் பார்த்தாள். ஆமாம், தெரிந்தது.

"உங்க வாதத்தை ஏத்துக்கிறோம். மனுஷக் குரல்தான் வேணும். ஒன்பது பேரும் இருக்கட்டும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா அவங்களை நடத்துறவங்ககிட்டயும் அது இருக்கணும் இல்லையா? அந்த இடத்துக்கு வேற ஆள் பார்க்கிறோம்."

"சரி சார். பொறுப்பை யார்கிட்ட ஒப்படைக்கணும்?"

அதற்குக்கூட அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. மறுமுனையில் யாரோ மைக்கை அவசரமாக அணைத்தார்கள்.

கதவருகே நின்றிருந்த நாத்தனார் உள்ளே வந்தாள். "என்ன அண்ணி சொன்னாங்க?"

"ஒன்பது பேருக்கும் வேலை இருக்கு."

"உங்களுக்கு?"

அவள் லேப்டாப்பை மூடினாள். "உங்கண்ணன் போனப்ப ஒரு மாசம் லீவு கேட்டேன். மூணு நாள்தான் கொடுத்தாங்க. இப்ப மொத்தமாக் கொடுத்துட்டாங்க."

அழுதது நாத்தனார்தான். இவள் எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.