கறுப்புத் தொப்பிக்குப் பன்னிரண்டு நிமிடம்

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத் தமிழர் கலைவிழாவில் மேடை நேரத்தைப் பங்கிடுகிறவர் மரக்கறிக் கடை விமலநாதன். பங்கீடும் கடையிலேதான் நடக்கும். அவரிடம் ஒரு நிமிடம் கூடுதலாகக் கேட்பதைவிட ஒரு முழுப் பிலாப்பழத்தை இனாமாகக் கேட்கலாம்.

கொரிய இலக்கியம் படிக்கும் கிருசாந்திக்கு இருபது நிமிடம் வேண்டும். அவள் எழுதிய நாடகத்தின் கடைசி எட்டு நிமிடம் ஒரு பாட்டு. அந்தப் பாட்டுக்காகத்தான் நாடகமே.

"கதை என்ன, பிள்ளை?"

"ஆயிரத்துத் தொளாயிரத்தெட்டு, அண்ணை. சியோலிலை ஒரு பாட்டுக் கொட்டகை. நாடு யப்பான்காரன்ரை கைக்குப் போய்க்கொண்டிருக்கு. சனம் உள்ளை காதல் பாட்டுக் கேக்குது."

விமலநாதன் வெண்டிக்காய்ப் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நாடு போகேக்கை காதல் பாட்டோ? ஒரு வீரன்ரை கதையைப் போட்டாத்தானே இளசுகளுக்குப் புத்தி வரும். மேடையெண்டது பள்ளிக்கூடமெல்லோ."

கிருசாந்திக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டு வருடமாக அவள் பழைய கொரியப் பத்திரிகைகளில் படித்த கண்டனம், வெண்டிக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் நடுவில் நின்று யாழ்ப்பாணத் தமிழ் பேசியது.

"அண்ணை, இதையே எழுதித் திட்டுற பத்திரிகை ஆசிரியர் ஒருத்தர் நாடகத்திலை வாறார். நீங்களே நடியுங்கோ."

"எனக்கு நடிக்க ஏலாது."

"நடிக்க வேண்டாம். இப்ப கதைச்சதைக் கதையுங்கோ. இருபது நிமிசம் தாங்கோ."

"பத்து."

"பதினெட்டு. உங்களுக்குக் கோட்டும் தொப்பியும்."

"பன்னிரண்டு. தொப்பி கறுப்பா இருக்கவேணும்."

அதற்குமேல் அவர் அசையவில்லை.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. கறுப்புத் தொப்பியோடு வந்த விமலநாதன் கொட்டகையைத் திட்டினார். கைதட்டல் விழுந்ததும், எழுதிக் கொடுக்காததையும் சேர்த்துத் திட்டினார். பாடகியாக வந்த சிவப்பிரியா பாட்டைத் தொடங்கியபோது, திரைக்குப் பின்னால் கிருசாந்தியின் கைபேசி பதினொன்றரை நிமிடம் காட்டியது. முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன.

பன்னிரண்டாவது நிமிடம். நேரம் தாண்டியவர் பிரதம விருந்தினரானாலும் மணி அடித்து இறக்குவது விமலநாதனின் பதினொரு வருடப் பழக்கம். மேடையில் நின்றபடியே கை தானாகக் கோட்டுப் பைக்குள் இருந்த கைமணிக்குப் போனது. மணி அடித்தது.

பாட்டு பாதிச் சொல்லில் நின்றது. கிருசாந்தி திரையைக் கடித்தாள்.

ஆனால், நாடகத்துப் பத்திரிகை ஆசிரியர் கொட்டகையைப் பூட்டுகிறார் என்றுதான் மண்டபம் நினைத்தது.

"பாட விடுங்கோ ஐயா," என்றது பின்வரிசை.

"நாடும் வேணும், பாட்டும் வேணும். மணியை உள்ளை வையுங்கோ," என்றார் முன்வரிசையிலிருந்து புஸ்பவதி. அவர் விமலநாதனின் மனைவி. ஏச்சு ஆசிரியருக்கா தனக்கா என்று விமலநாதனுக்குப் பிடிபடவில்லை. ஆனால் வெறுங்கையோடு எழும்பிப் போகப்போகிற வாடிக்கையாளரின் முகம் அவருக்குத் தெரியும். அப்போது மண்டபம் முழுக்க அந்த முகம்தான்.

தொப்பியைச் சரிசெய்தார். "சரி, பாடு பிள்ளை. ஆனா முடிவிலை நாட்டைப் பற்றி நாலு அடி சேர்."

இது நாடகத்தில் இல்லாத வசனம். சிவப்பிரியா கண் இமைக்கவில்லை. "ஒரு அடி, ஐயா."

"மூண்டு."

"ரெண்டு. அதுவும் என்ரை மெட்டிலை."

"பாடு."

மண்டபம் அதிர்ந்தது. பாட்டு முழுதாக ஒலித்தது. சனம் இன்னொரு முறை கேட்டதால் மறுபடியும் ஒலித்தது. கடைசி இரண்டு அடிக்குப் பின்வரிசை எழுந்து நின்றது. திரைக்குப் பின்னால் கிருசாந்தி செருப்பில்லாமல் குதித்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்த விமலநாதன் கேட்டார்: "எத்தினை நிமிசம் போச்சுது?"

"முப்பத்தொண்டு, அண்ணை."

"நான் மணி அடிச்சனான்தானே?"

"அடிச்சனீங்கள்."

"பிறகென்ன," என்றவர், தொப்பியைக் கழற்றாமலே அடுத்த நிகழ்ச்சிக்காகக் காத்து நின்ற நடன ஆசிரியையிடம் திரும்பினார்.

"ஆறு நிமிசம், அக்கா. ஒரு நிமிசமும் கூட ஏலாது."