வார்னிஷ் பூசிய ஸ்பாஞ்ச்

எங்கள் தலைமை ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் வார்னிஷ் சார். பெரியவர்கள் ஜாதகம் பார்த்து வைக்கிற பெயரைவிடப் பிள்ளைகள் ஆள் பார்த்து வைக்கிற பெயர் எப்போதும் பொருந்திவிடுகிறது.

மூன்றாம் வகுப்பில் ‘பொருள்களின் பண்புகள்’ என்று ஒரு பாடம். எது கடினம், எது மென்மை, எது சொரசொரப்பு, எதற்கு மணம் உண்டு என்று பிள்ளைகள் தொட்டு, முகர்ந்து, அமுக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காக ஒரு பெட்டி வந்தது. உள்ளே கல், இரும்பு ஆணி, மரக்கட்டை, சோப்பு, உப்புத்தாள், மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்பாஞ்ச். பிள்ளைகள் கை பட்டால் எல்லாம் பாழாகிவிடுமாம். தலைமை ஆசிரியர் விடுமுறையில் வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒன்று விடாமல் வார்னிஷ் அடித்தார். ஒரு பூச்சு போதாதென்று மேலே இன்னும் இரண்டு. சோப்புக்கு வார்னிஷ் அடித்த மகானை வேறு எங்கே போய்ப் பார்ப்பது?

உப்புத்தாள் வழவழவென்று ஆனது. சோப்பில் வார்னிஷ் நாற்றம். ஸ்பாஞ்ச் இறுகிப்போய், மேசையில் வைத்தால் டொக்கென்றது. அதன் ஓரமெல்லாம் முள் முள்ளாக நின்றது. பண்புகள் அத்தனையும் போய்ப் பளபளப்பு ஒன்றுதான் மிச்சம்.

"சார், இதை அமுக்கவே முடியல. மென்மைன்னு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?" என்று கேட்டேன்.

"புத்தகத்துல என்னம்மா போட்டிருக்கு? மென்மைன்னுதானே? அப்புறம் எதுக்கு அமுக்கிப் பாக்கணும்?"

இந்த மூளைக்குத் தனி அறை, மின்விசிறி, கூப்பிட்டால் ஓடிவர மேசையில் ஒரு மணி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். நான் தற்காலிக ஆசிரியை. கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடிக் கிடந்தது. வீடு என் சம்பளத்தில்தான் ஓடியது. ஆய்வுக்கு வரும் அதிகாரி என் வகுப்பைப் பற்றி நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். இதை வார்னிஷ் சார் வகுப்பிலேயே வந்து அறிவித்தார்.

"ஒழுங்காப் பதில் சொல்லலேன்னா உங்க டீச்சர் இங்க இருக்க மாட்டாங்க. பாத்துக்குங்க."

என் குடும்ப பாரத்தை எட்டு வயதுப் பிள்ளைகளின் தலையில் ஏற்றிவிட்டு, மனிதர் தேநீர் குடிக்கப் போனார்.

அதிகாரி அம்மாள் வந்து உட்கார்ந்தார். மடியிலிருந்த கைப்பையை இறக்காமலேயே பெட்டியை எட்டிப் பார்த்தார். "எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க சார்!" வார்னிஷ் சாருக்குத் தலைகால் புரியவில்லை.

அதிகாரி கைகாட்டிக் கூப்பிட்டது துறுதுறுவை. கண்ணில் பட்டதைத் தொடாமல் இருக்க முடியாதவள் என்பதால் வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர்.

"இந்த ஸ்பாஞ்சைத் தொட்டுப் பாத்துச் சொல்லு கண்ணு. எப்படி இருக்கு?"

அவள் அமுக்கினாள். திருப்பிப் பிடித்து மறுபடி அமுக்கினாள். "கெட்டியா இருக்கு மேடம். குத்துது."

வார்னிஷ் சார் பேய் முழி முழித்தார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ஸ்பாஞ்ச் மென்மைன்னுகூடத் தெரியல. என்னத்தப் பாடம் நடத்துறீங்க?"

"அவ சரியாத்தான் சொல்றா மேடம். நீங்களே ஒரு தடவை தொட்டுப் பாருங்களேன்."

"ஸ்பாஞ்ச் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

கை நீட்டினால் தொட்டுவிடலாம். அம்மாள் நீட்டவில்லை. அறிவியல் வகுப்பைச் சோதிக்க வந்தவர் பேனா மூடியைத்தான் கழற்றினார். "அப்ப நான் உள்ளதை எழுதிட்டுப் போறேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

மாமியாரிடம் என்ன சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது. ஆனாலும் பிள்ளை சொன்னது தப்பு என்று சொல்ல நாக்கு எழவில்லை. "எழுதிக்குங்க மேடம்" என்றேன்.

"மென்மையா இருக்கு மேடம்!"

துறுதுறுதான் கத்தினாள். ஸ்பாஞ்சை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நெரித்தாள். வார்னிஷ் நொறுங்கும் சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்டது. மஞ்சள் துணுக்குகள் தரையில் உதிர்ந்தன. "ரொம்ப மென்மை மேடம். முதல்ல நான் சரியாப் பாக்கல."

"பாத்தீங்களா? அன்பாக் கேட்டாப் பிள்ளைங்க கரெக்டாச் சொல்லிடும்" என்று அதிகாரி அம்மாள் புளகாங்கிதம் அடைந்தார். எனக்கு நல்லபடியாக எழுதினார். மற்றப் பள்ளிகளும் பெட்டியை இப்படிப் பாதுகாக்கலாம் என்று கூடுதலாக ஒரு வரியும் எழுதினாராம். இரண்டு அறிவாளிகளும் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்கள்.

துறுதுறு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். இழுத்துப் பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டிலும் கீறல், ரத்தம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

"அவங்க போயிட்டாங்கம்மா. இப்ப உண்மையைச் சொல்லு. ரொம்பக் குத்துச்சா?"

அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"இல்ல டீச்சர். மென்மையாத்தான் இருந்துச்சு."