போதும் என்றால் நிற்காதவள்

கிரேன் கூண்டில் ஏறி உட்கார்ந்ததும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த உயரத்தில் பாவத் தரையும் கிடையாது! இத்தனை காலம் கீழே நின்று கொக்கியில் சுமை மாட்டி, அண்ணாந்து அண்ணாந்து கழுத்து சுளுக்கியவள். இன்றைக்குத் தேர்வு. தேறினால் இந்தக் கூண்டு அவளுக்கு. இல்லையென்றால் பழையபடி கொக்கியும் சுளுக்கும்தான்.

வேலையிடத்தில் அவளுக்கு ராக்கெட் என்று பேர். நாத்தனார் வைத்த பேர் பேராசைக்காரி. வீட்டுக்காரர் தங்கமான மனுஷர், பேரெல்லாம் வைக்க மாட்டார். அவருக்கு ஒரே சொல்தான். அவள் வண்டி ஓட்டக் கற்றபோது, "போதும்மா." கணக்குப் படித்தபோது, "இதோட போதும்மா." கடைசியில், "நான் மேல போகணுங்க" என்று கிரேனைப் பற்றி அவள் சொல்லப்போக, மனுஷர் பதறிவிட்டார். "என்ன பேச்சு இது? வாயைக் கழுவு! போதும், போதும்!"

அந்தச் சொல் அவள் காதில் ஏறுவதை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று.

அவருக்கும் இங்கேதான் வேலை; கீழே ரேடியோவில் வழிசொல்பவர் இன்று அந்த வீட்டுக்காரரேதான். தண்ணீர் தளும்பும் பீப்பாயைச் சுவருக்கு அப்பால் இறக்க வேண்டும். முழங்கால் உயரத்தில் நிறுத்தி, பிறகு பூப்போல வைக்க வேண்டும். கூண்டிலிருந்து அந்தப் பக்கம் தெரியாது. அவர் குரல்தான் அவளுக்குக் கண்.

"இறக்கு... இறக்கு... போதும்!"

அவள் இறக்கிக்கொண்டே இருந்தாள்.

"போதும்மா! போதுங்கறேன்ல!"

வழக்கமான பாட்டுதானே? அவள் கை தன் பாட்டுக்கு வேலை பார்த்தது.

"ஐயோ, நிறுத்து!"

நிறுத்தினாள். தரைக்கு ஒரு சாண்தான் மிச்சம்.

தேர்வாளர் ரேடியோவைப் பிடுங்கினார். "முதல்லயே ஏம்மா நிறுத்தல?"

கூண்டு கைநழுவிப் போகிறதே! அவள் உண்மையையே சொல்லிவிட்டாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து 'போதும்'னுதான் சார் சொல்றாரு. நான் எதுக்குமே நின்னதில்ல."

கீழே ஒரே சிரிப்பு. தேர்வாளர் சிரிக்கவில்லை. "ஒருத்தர் 'நிறுத்து'ன்னு சொல்லாம 'போதும்'ங்கறீங்க, ஒருத்தர் காதுலயே வாங்கறதில்ல. முதல்லேர்ந்து செய்ங்க. இதுதான் கடைசி."

ரேடியோ மறுபடி கைமாறியது. வீட்டுக்காரர் குரல் வந்தது. "ஏத்தும்மா."

எத்தனை வருஷம் காத்திருந்த சொல்! அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஏற்றினாள், திருப்பினாள், இறக்கினாள். "நிறுத்து" என்றதும் நிறுத்தினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.

"தேறிட்டீங்க. இறங்கி வாங்க" என்றார் தேர்வாளர்.

"ஒரு நிமிஷம் சார், பார்த்துட்டு வரேன்."

"போதும்..." என்று ஆரம்பித்த வீட்டுக்காரர், அதை அப்படியே விழுங்கினார்.

"சரி, இரு. அங்கேர்ந்து என்னம்மா தெரியுது? எனக்கும் சொல்லு."