யாருக்கெல்லாம் சமாதானம்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எந்தக் காரியமானாலும் எல்லோரும் தனித்தனியாக ஜெபம் பண்ண வேண்டும். பிறகு அப்பா ஒவ்வொருவரையும் பார்த்து, "உனக்கு சமாதானம் இருக்கா?" என்று கேட்பார். கர்த்தர் மனசுக்குள் அமைதி தந்து 'சரி' என்கிறாரா என்று அர்த்தம். ஒருத்தருக்கு இல்லையென்றாலும் காரியம் நிற்கும். அத்தைக்குச் சமாதானம் வராமல் இரண்டு கோடைக்காலம் ஃப்ரிட்ஜ் இல்லாமல் ஓட்டியிருக்கிறோம். என்னைக் கேட்டால் நான் உடனே "இருக்குப்பா" என்றுவிடுவேன். பேச்சு சீக்கிரம் முடியட்டுமே என்றுதான்.

இப்போது காரியம் ஃப்ரிட்ஜ் இல்லை, அப்பாவின் கால்.

சர்க்கரைப் புண். பெருவிரலில் ஆரம்பித்துக் கணுக்கால்வரை கறுத்துவிட்டது. காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காலின் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு நேராகவே சொன்னார்.

"முழங்காலுக்குக் கீழ எடுத்திடணும். இன்னைக்கே. விட்டா விஷம் ரத்தத்துல ஏறிடும். ஆனா இதயமும் வீக்கா இருக்கு, மயக்கம் குடுக்கறதுலயும் ஆபத்து உண்டு. நீங்கதான் சொல்லணும்."

"குடும்பமா ஜெபம் பண்ணிட்டு சொல்றோம்மா," என்றார் அப்பா.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. வீடு பற்றி எரியும்போது தண்ணீர் ஊற்றலாமா வேண்டாமா என்று முழங்கால் போட்டு ஜெபிக்கிற கூட்டம் நாங்கள்.

அத்தை கட்டிலோரம் முக்காடு போட்டு உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "எனக்கு சமாதானமில்லண்ணே," என்றாள். வெளியூரிலிருக்கும் என் அண்ணன் போனில், "இன்னொரு டாக்டர்கிட்டயும் கேட்டுடலாமே," என்றான். அவனுக்கென்ன, தூரத்திலிருந்து எதையும் சொல்லலாம். போதகர் ஓடிவந்தார். ஜெபித்து முடித்தபோது வியர்த்துப் போயிருந்தார்.

"எடுக்கச் சொல்லவும் வாய் வரல ஐயா, வேணாம்னு சொல்லவும் வரல," என்றார்.

அன்றைக்கு உண்மை பேசியவர் அவர்தான். அந்த உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மத்தியானம் அப்பாவுக்குக் குளிர்ஜுரம் கண்டது. கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். டாக்டரம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இனிமே என்னால காத்திருக்க முடியாது," என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

நான் அத்தையின் மேல் பாய்ந்தேன். "உங்களுக்கு சமாதானம் வர்றதுக்குள்ள எங்கப்பா போய்ச் சேர்ந்துருவாரு அத்தே!"

"நான் என்னடி பண்ணுவேன்? இல்லாதத இருக்குன்னு சொல்லச் சொல்றியா?" என்று அவள் தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

"சண்டை போடாதீங்க," என்றார் அப்பா. என் பக்கம் கையை நீட்டினார். கை கொதித்தது. "உன்ன யாருமே கேக்கல பாரு. உனக்கு சமாதானம் இருக்காம்மா?"

காலையிலிருந்து கரித்துக்கொட்டியவள் நான். வெட்டச் சொல்லுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அப்பா கேட்டது அதையல்லவே. ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போய்விட்டால்? ஆண்டவரே, ஒரு வார்த்தை சொல்லும் என்று வாழ்க்கையில் முதன்முறையாக நிஜமாகவே கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அவ்வளவுதான்.

"இருக்குப்பா," என்றேன்.

அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. "எனக்குத் தெரியும். சின்ன வயசுலேர்ந்தே உனக்கு டக்குனு வந்துடும். அது கர்த்தர் உனக்குக் குடுத்த வரம்," என்றவர், டாக்டரம்மாவைப் பார்த்து, "எடுத்துடுங்கம்மா," என்றார்.

அத்தையும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவளுக்கு இருந்தா சரிண்ணே," என்றாள்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்பா படுத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார். துளி பயமில்லை அந்த முகத்தில். கதவு மூடிக்கொண்டது.

நான் அத்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு இல்ல அத்தே," என்றேன். "எனக்கு ஒருநாளும் இருந்ததே இல்ல."