அம்மா வீட்டில் நடந்தது

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அதிலும் கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் காலியாக இருந்து, அதில் போட எண் கிடைக்கவில்லை என்றால் நாற்காலியில் முள் முளைத்துவிடும். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் இருந்தது. சிதம்பரத்தில் எங்கள் டிரஸ்ட் ஆபீசுக்கும் எதிரே இருந்த டீக்கடைக்கும் நடந்து நடந்தே செருப்பைத் தேய்த்தேன்.

நான் வாழ்க்கைப்பட்ட ஊரையும் சேர்த்து, கீரப்பாளையம் பக்கத்துக் கிராமங்களுக்கு மாதம் ஒருமுறை நர்ஸ் வண்டி அனுப்பிக்கொண்டிருந்தோம். கர்ப்பிணிகளுக்கு ரத்தம் பார்த்து, எடை போட்டு, மாத்திரை கொடுக்கிற வண்டி. 2008 கோடையில் நிதி முடிந்து வண்டி நின்றுபோனது. புதிதாக நிதி கேட்டு சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுதுவது என் பொறுப்பு. இதில் எனக்குச் சொந்த அவசரமும் இருந்தது. என் கொழுந்தனார் மனைவி கனிமொழிக்கு மூன்று மாதம். தலைச்சன். கீழிமையை இழுத்துப் பார்த்தால் துளி சிவப்பு கிடையாது. குமட்டுகிறது என்று மாத்திரையை ஜன்னல் வழியாக எறிகிற கட்சி. வண்டி வராமல் இவளை யார் பிடித்து உட்காரவைத்து ரத்தம் பார்ப்பது?

வரைவை அனுப்பிய மறுநாளே அந்த நிறுவனத்து அதிகாரி அருண்பாண்டியன் போன் செய்தார்.

“மேடம், நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா உங்க ஏரியாவுல கொழந்தைங்க சாவே இல்லியே?”

“ரத்தசோகை ஜாஸ்தி சார்.”

“ரத்தசோகை எல்லா ஊர்லயுந்தான் இருக்கு. நீங்க வெச்சிருக்கிற கவர்மெண்ட் கணக்குப்படி உங்க ஊருங்க நல்லா இருக்கு. அப்ப பணம் வேற ஊருக்குத்தானே போவணும்? வெள்ளிக்கிழமைக்குள்ள வேற டேட்டா இருந்தா குடுங்க.”

நியாயமான கேள்வி. அதனால்தான் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பஸ் பிடித்துக் கடலூருக்கு ஓடினேன். அங்கே மாவட்ட சுகாதார அலுவலகத்தில் இருந்தவர் பொறுமையாகத் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதே எண்தான். எங்கள் ஊர்களுக்கு நேரே ஒன்றுமில்லை. நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கமெல்லாம் இருந்தது.

“சாவு இல்லன்னா சந்தோஷப்படுங்கம்மா” என்றார்.

என்னால் முடியவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி யோசித்தேன். குழந்தைகள் சாகவில்லையே என்று கவலைப்படுகிற பெண்பிள்ளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த நினைப்பே அசிங்கமாக இருந்தது.

அரசுக் கணக்கில் விட்டுப்போனது வீடுவீடாகக் கேட்டால் கிடைக்கும் என்றார் டிரஸ்டை நடத்தும் தேவநாதன் சார். புதிதாகச் சேர்ந்த சுவேதாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அவள் ஒவ்வொரு வாசலிலும் அதே கேள்வியைக் கேட்டாள்.

“கடைசி அஞ்சு வருஷத்துல இந்த வூட்டுல ஒரு வயசுக்குள்ள கொழந்தை எதுனா தவறிப்போச்சாம்மா?”

இல்லை, இல்லை, இல்லை. ஒருத்தி, “நல்ல நாளும் அதுவுமா என்னா பேச்சு பேசுற நீ?” என்று விரட்டியேவிட்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது. புதன்கிழமை பிற்பகல் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டோம். என் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்றேன்.

மாமியார் இருசம்மாள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கனிமொழி கால் நீட்டி உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய் செம்பில் தண்ணீர் மொண்டு வருவதற்குள், சுவேதா பழக்க தோஷத்தில் அவரிடமும் கேட்டுவிட்டாள்.

“எங்க வூட்டுலயா? சாமி புண்ணியத்துல அப்படி ஒண்ணும் நடக்கலம்மா.”

சுவேதா குறித்துக்கொண்டாள். நான் செம்பைத் திண்ணையில் வைத்தேன்.

“அத்தை, என் பொண்ணு?”

முறம் நின்றது.

“அது நெல்லிக்குப்பத்துல நடந்ததும்மா” என்றார் அத்தை. “உங்க அம்மா வூட்டுல.”

கோபமாகச் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். வளைகாப்பு முடிந்ததும் மருமகள் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். பிரசவம் அவர்கள் பொறுப்பு, தீட்டு அவர்கள் வீட்டில். நல்லபடியாகப் பிறந்தால் இங்கிருந்து சீரோடு போய்த் தாயையும் பிள்ளையையும் அழைத்து வருவார்கள். அன்றைக்குத்தான் அது இந்த வீட்டுப் பிள்ளை. என் பெண் இந்த வாசலுக்கு வரவேயில்லை. பிறந்த வாரத்திலேயே போய்விட்டாள். எனக்கு ரத்தம் கம்மி என்பதையே அங்கே போன பிறகுதான் சொன்னார்கள்.

அத்தையை மட்டும் சொல்வானேன்? நானும் அதை அம்மா வீட்டில் நடந்ததாகத்தான் வைத்திருந்தேன். கடலூரில் அந்தத் திரையில் நெல்லிக்குப்பம் என்ற பெயரைப் பார்த்தபோதுகூட, அந்த எண்ணுக்குள் என் பிள்ளையும் இருக்கிறாள் என்று எனக்கு உறைக்கவில்லை. இப்போது உறைத்தது.

“சுவேதா, கெளம்பு. மொதல் வூட்டுலேருந்து திரும்பக் கேக்கணும்.”

“அக்கா, இன்னும் சாப்பிடவே இல்லியே.”

“ஏறுடி.”

இந்த முறை நான் கேட்டேன்: “உங்க மருமவ அம்மா வூட்டுக்குப் போயி பெத்த புள்ளைங்க எல்லாம் நல்லபடியா இங்க வந்து சேந்துச்சா?” முன்பு விரட்டிய அதே பெண் தலையைக் குனிந்துகொண்டு, “பெரியவளுக்கு மட்டும் தங்கல. பண்ருட்டியில” என்றாள். அடுத்த தெருவில் ஒரு மருமகள், மாமியார் முந்திக்கொள்வதற்குள் தானே வெளியே வந்து சொன்னாள். அழுதாள். நடவு, களை என்று ஏழாம் மாதம் வரை வேலை வாங்கி, ரத்தமில்லாமல் வண்டி ஏற்றியது நாங்கள். சாவு மட்டும் அம்மா வீட்டு ஊரின் கணக்கில் ஏறியிருந்தது.

மறுநாள் காலை அத்தையிடமும் புதுக் கேள்வியைக் கேட்டேன். அவர் முறத்தோடு எழுந்து உள்ளே போய்விட்டார். நானே ஒன்று என்று எழுதிக்கொண்டேன்.

ஆபீசில் கூட்டிப் பார்த்ததும் தேவநாதன் சார் மேஜையைத் தட்டினார். “வந்துடுச்சி பாரு நம்பர்!” அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மெல்ல இழுத்துக்கொண்டார். கொஞ்சம் கழித்து, “மலர்க்கொடி, உங்க வூட்ட மட்டும் எடுத்துடலாமா? ஸ்டாஃப் வூட்டையே சேத்துட்டாங்கன்னு சந்தேகப்படுவாங்க. ஒண்ணுதானே கொறையும்” என்றார்.

“ஏற்கெனவே எங்க வூட்டுல கழிச்சிட்டாங்க சார். நீங்களும் கழிக்காதீங்க.”

அவர் தலையைச் சொறிந்தார். கழிக்கவில்லை. அரசுக் கணக்கு குழந்தை இறந்த ஊரில் பதிவாகிறது, எங்கள் கணக்கு தாய் ஏழு மாதம் வாழ்ந்த ஊரைப் பார்க்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினேன். வெள்ளிக்கிழமை மதியம் அனுப்பினோம். சாயங்காலமே அருண்பாண்டியன் கூப்பிட்டார்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்?”

“மொதல்ல எங்களுக்கே தெரியாது சார்.”

அதற்குப் பிறகும் பல வாரம் மெயிலைத் திறந்து திறந்து பார்த்து என் உயிர் போனது. கனிமொழியின் முகம் வீங்க ஆரம்பித்திருந்தது. வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஆவணியில் ஒருவழியாக நிதி வந்தது, வண்டியும் வந்தது.

வாய்க்கால் கரையில் புளியமரத்தடியில் நிறுத்தியிருந்தோம். கனிமொழியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அத்தையே வந்தார். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. நர்ஸ் பொன்னி கனிமொழிக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்தபடியே வழக்கமான கேள்விகளைக் கேட்டாள்.

“வூட்டுல இதுக்கு முன்னாடி கொழந்தை எதுனா தவறியிருக்கா?”

நான் வாயைத் திறந்தேன். அத்தை முந்திக்கொண்டார்.

“ஒண்ணு. பொம்பளப் புள்ள.”

“எங்க பொறந்துச்சி?”

அத்தை என் பக்கம் திரும்பவில்லை. “எங்க பொறந்தா என்னா? எங்க வூட்டுப் புள்ள” என்றார்.

எனக்கு வரிசையைப் பார்க்க வேண்டியிருந்தது, மாத்திரைப் பெட்டியைப் பிரிக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வண்டிப் படியில் உட்கார்ந்தேன். சுவேதா வந்து இரண்டு தடவை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.